மாங்கா சீசன் வந்துருச்சு, மண்டிக்குப் போலாமா டாக்டர்?

கேள்வி: எனக்கு 58 வயசு, காவேரிப்பட்டினம் பக்கம். கிருஷ்ணகிரி மாங்கா மண்டில 20 வருஷமா இருக்கேன், எடை போட்டு சீட்டு எழுதுவேன், ஆள் இல்லன்னா லோடும் இறக்குவேன். புராஸ்டேட் கேன்சர்னு பெங்களூர்ல ரோபோ ஆபரேஷன் பண்ணி 5 வாரம் ஆச்சு, மூத்திர டியூப் எடுத்து மூணரை வாரம். இருமுனா, எந்திரிச்சா மூத்திரம் சொட்டுது. சீசன் ஆரம்பிச்சதுல இருந்து மொதலாளி தினம் போன் பண்றாரு, வீட்ல இந்த வருஷம் போகவே கூடாதுங்கறாங்க. தாம்பத்தியம் பத்தியும் ஒரு சந்தேகம், கேக்க கூச்சமா இருக்கு.

பதில்: அண்ணா, மொதலாளி சொல்றதும் பாதி சரி, வீட்ல சொல்றதும் பாதி சரி. நீங்க மண்டில செய்யறது ஒரு வேலை இல்ல, ரெண்டு வேலை, அதைப் பிரிச்சுப் பாத்தாலே பாதி குழப்பம் தீந்துரும். ஒக்காந்து சீட்டு எழுதற வேலைக்கு உங்க சர்ஜன் சரின்னா அடுத்த வாரமே அரை நாள் போய்ப் பாக்கலாம், ரோபோ ஆபரேஷன் பண்ணவங்க நெறைய பேர் 3, 4 வாரத்துலயே ஒக்கார்ற வேலைக்குத் திரும்பிடறாங்க. ஆனா மாங்காப் பெட்டி தூக்கறது இப்ப கிடையவே கிடையாது. வெளில பாத்தா அஞ்சாறு சின்ன ஓட்டை, தழும்பு கூட மங்கிருச்சு, ஆனா உள்ள புராஸ்டேட்டை எடுத்துட்டு மூத்திரப்பையைக் கீழ கொண்டு வந்து மூத்திரக் குழாயோட தச்சிருக்காங்க, வயித்துச் சதையும் இன்னும் முழுசா ஆறல, இப்ப மூச்சைப் பிடிச்சு வெயிட் தூக்குனா குடலிறக்கம் வரலாம், சொட்டறதும் ஜாஸ்தியாகும். 6 வாரம் முடியற வரைக்கும் 5 கிலோவுக்கு மேல வேணாம், தண்ணிக் குடம் கூட அதுக்கு மேலதான், தூக்காதீங்கண்ணா. முழு லோடு 8 வாரத்துக்கு அப்புறம் சர்ஜன் வயித்தைத் தொட்டுப் பாத்து சொன்னாத்தான். ஆள் இல்லன்னு ஒரு கை குடுங்கன்னு கூப்புடுவாங்க, அங்கதான் நீங்க மாட்டுவீங்க, அதனால மொதல் நாளே மொதலாளிகிட்ட ‘தூக்க மாட்டேன்’னு எல்லார் முன்னாடியும் சொல்லிருங்க.

டிவிஎஸ் எக்ஸ்எல் மாதிரி வண்டில மண்டிக்கு வர்றதும் இப்ப வேணாம், சீட்டு சரியா தையல் இருக்கற எடத்துல அழுத்தும், ரோட்டுக் குலுக்கல் வேற. பஸ்ல வாங்க. ஒரே எடத்துல மணிக்கணக்கா ஒக்காராதீங்க, அரை மணிக்கொரு தடவை எந்திரிச்சு நடங்க, இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் கால்ல ரத்தம் கட்டிக்கிற ஆபத்து கொஞ்ச நாளைக்கு இருக்கு. வீட்டம்மா கட்டிலை விட்டே எறங்க விடறதில்லன்னா அதுவும் தப்புதான், நடக்கறதுதான் மருந்து.

சொட்டறதுக்கு வருவோம். நீங்க வேலைக்குத் தயங்கறதுக்கு நிஜக் காரணம் இதுதான்னு எனக்குத் தோணுது, லுங்கி நனைஞ்சா நாலு பேர் பாப்பாங்களேன்னு. 5 வாரத்துல இது ரொம்ப சாதாரணம், பெரும்பாலானவங்களுக்கு 3 மாசத்துல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள நல்லா கொறையும். வாய்வு வெளிய வராம அடக்கறப்ப எந்தச் சதையை உள்ள இழுக்கறீங்களோ அதை 5 செகண்ட் இறுக்கி 5 செகண்ட் விடுங்க, ஒரு தடவைக்கு 10, தினம் மூணு வேளை, மூச்சை அடக்காம, வயிறு தொடையெல்லாம் தளர்வா விட்டு. இருமறதுக்கு முன்னாடி, எந்திரிக்கறதுக்கு முன்னாடி ஒரு இறுக்கு இறுக்குங்க. மூத்திரம் போயிட்டு இருக்கப்ப நடுவுல நிறுத்தி நிறுத்திப் பழகாதீங்க. பயந்துட்டு தண்ணியைக் கொறைக்கற தப்பை எல்லாரும் பண்றாங்க, கொறைக்க வேண்டியது மண்டில மணிக்கொரு தடவை வர்ற டீயை. மெடிக்கல்ல பெரியவங்க பேடு கிடைக்கும், உள்ளாடைக்குள்ள வெச்சுக்கங்க, பையில ரெண்டு ஸ்பேர், கருப்பு பேன்ட், யாருக்கும் தெரியாது. மலச்சிக்கல் ஆக விடாதீங்க, கேவுரு களி கீரையோட நல்லா சாப்புடுங்க.

இன்னொன்னு, வேலையை விட இதுதான் எனக்கு முக்கியம். ஆபரேஷன் ஆகி 6ல இருந்து 8 வாரத்துக்குள்ள பிஎஸ்ஏ ரத்த டெஸ்ட் (புராஸ்டேட் சுரக்கற ஒரு புரதம் ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பாக்கறது) எடுக்கணும், உங்களுக்கு அது சரியா சீசன் உச்சத்துல வருது. சீசன் முடியட்டும்னு தள்ளாதீங்க. புராஸ்டேட்டையே எடுத்தாச்சு, அதனால அளவு 0.1க்குக் கீழ இருக்கணும். எடுத்த புராஸ்டேட்டோட பயாப்சி ரிப்போர்ட்ல ஓரம் சுத்தமா இருக்கான்னும், அதாவது வெட்டுன ஓரத்துல கேன்சர் இல்லையான்னும் கேளுங்க. இது ரெண்டும் சரியில்லன்னா ரேடியேஷன் பேச்சு வரலாம், அது வாரத்துக்கு 5 நாள்னு பல வாரம் ஓடும், அதனால ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடி மொதலாளிக்கு முழு சீசனும் வாக்கு குடுத்துறாதீங்க.

(ஓசூர் சிப்காட் கம்பெனிகள்ல வேலை பாக்கறவங்க யாராவது இதே நெலமைல இருந்தா: இஎஸ்ஐ தொழிலாளர் காப்பீட்டுல சந்தா நாள் கணக்கு சரியா இருந்தா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் 70 சதவீத சம்பளம் உண்டு, கேன்சருக்கு அதுக்கு மேலயும் நீட்டிப்பு இருக்கு. அவசரப்பட்டு ஷிப்டுக்கு ஓடாதீங்க. மண்டி ஆளுக்கு அந்த வசதி இல்லங்கறதுதான் கொடுமை.)

நடந்துட்டு வந்தப்ப மூத்திரம் லேசா ரோஸ் கலர்ல வந்தா ஒக்காந்து தண்ணி குடிங்க. கட்டி கட்டியா ரத்தம், குளிர் ஜுரம், மூத்திரம் அடைச்சுக்கறது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கறது, மூச்சு வாங்கறது, இதுல எது வந்தாலும் உடனே கிருஷ்ணகிரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போயிருங்க, பெங்களூர் வரைக்கும் ஓட வேணாம்.

நீங்க கூச்சப்பட்ட அந்தத் தாம்பத்திய சந்தேகத்துக்கும் சொல்லிர்றேன். வெறைப்புக்கான நரம்பு புராஸ்டேட்டை ஒட்டியே போகுது, அதைக் காப்பாத்தியிருந்தாலும் தேற ஒன்றரை, ரெண்டு வருஷம் கூட ஆகலாம். மாத்திரை இருக்கு, ஆனா நெஞ்சு வலிக்கு நாக்குக்கடியில வைக்கற மாத்திரை எடுக்கறவங்க அதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் சட்டுனு எறங்கிரும், கடைல நீங்களா வாங்காதீங்க. அடுத்த தடவை சர்ஜன்கிட்ட போறப்ப வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போயி இதையும் கேளுங்க, ஒரு நாளைக்கு எத்தனை பேடு ஆகுதுன்னு இன்னைல இருந்தே எழுதி வெச்சு அந்தச் சீட்டையும் காட்டுங்க.