பழைய ஐ5 லேப்டாப்பைக் கொடுத்து ஐ7 வாங்கலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். வீட்டில் இருப்பது எச்பி எலைட்புக் 840 ஜி3. ஐ5-6300யூ பிராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். மகளுக்கு ஆன்லைன் வகுப்பு, எனக்குக் கடைக் கணக்குக்கு டாலி, மற்றபடி குரோம், யூடியூப்தான். ஆன் செய்துவிட்டுப் போய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவு. எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் காட்டினால், "பிராசசர் பழசு சார், எக்ஸ்சேஞ்சில் ஏழாம் தலைமுறை ஐ7 எடுத்துக்குங்க" என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த அளவு லேப்டாப்பில் ஏழாம் தலைமுறை ஐ7 என்றால் பெரும்பாலும் 7500யூ அல்லது 7600யூ. இரண்டிலுமே உங்களுடையதைப் போல இரண்டே கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி), நான்கு திரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசை). யூடியூப் வீடியோவைக் கொஞ்சம் லேசாக ஓட்டும்; உச்ச வேகமும் கூடுதல். ஆனால் உங்கள் காபி நேரம் அதனால் குறையாது.

நீங்களே பாருங்கள். ஆன் செய்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து பத்து நிமிடம் கவனியுங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலும் மெமரி 90-க்கு மேலும் நிற்க, சிபியூ, அதாவது பிராசசர், 30, 40-இல் ஆடிக்கொண்டிருந்தால் அது சும்மா காத்துக்கிடக்கிறது என்று பொருள். 4 ஜிபி போதாமல் விண்டோஸ் மிச்சத்தை ஹார்டு டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கிறது. சுழலும் தட்டுக்கு அந்த வேலை தாங்காது.

அங்கேயே சிபியூ வேகத்தையும் பாருங்கள். இந்தச் சிப்பின் அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ்; வேலை கொடுத்தால் 2.9 வரை ஏற வேண்டும். வேலை கொடுத்தும் 0.8-க்குக் கீழேயே ஒட்டிக்கொண்டிருந்தால் சார்ஜரையும் பேட்டரியையும் சந்தேகப்படுங்கள். சார்ஜரின் நடு ஊசி வளைந்திருந்தால்கூட இப்படி ஆகும். முதலில் ஏறி, சூடானதும் 1.5 பக்கம் இறங்கினால் ஃபேனில் தூசி, இல்லையென்றால் சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறது. சுத்தம் செய்து, சிப்பின் மேல் அரிசி மணி அளவு பேஸ்ட் வைத்தால் போதும். திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள்.

இவை சரியாக இருந்தால் வாங்க வேண்டியவை இரண்டே. ஒன்று, 256 ஜிபி 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்). இன்னொன்று, டிடிஆர்4 வகை லேப்டாப் ரேம் 4 ஜிபி ஒன்று; கை தாராளமாக இருந்தால் 8. காலி ஸ்லாட்டில் போட்டால் இரண்டும் ஜோடியாக ஓடும். கடையில் டிடிஆர்3 நீட்டினால் வாங்காதீர்கள், ஸ்லாட்டில் நுழையவே நுழையாது. பெட்டியில் வேகம் 2666, 3200 என்று போட்டிருந்தால் கவலை வேண்டாம், இந்த லேப்டாப்பில் 2133 வேகத்துக்கு இறங்கி ஓடும்.

டிஸ்க் மாற்றும் முன் டாலி பேக்கப்பைப் பென் டிரைவில் எடுத்து, லைசென்ஸை சரண்டர் செய்துவிடுங்கள், அதாவது இந்தக் கணினியிலிருந்து விடுவித்துவிடுங்கள். பலர் மறப்பது இதைத்தான். லைசென்ஸ் அந்தக் கணினியோடு கட்டப்பட்டது. பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டு அப்புறம் தேடினால் அலைச்சல்தான்.

மாற்றியபின் டாலியும் பத்து டேப் குரோமும் தாராளமாக ஓடும். வீடியோ வகுப்பில் மட்டும் பின்னணி மங்கலாக்கும் வசதியை அணைத்து வையுங்கள். இரண்டு கோரை அது ஒன்றே தின்றுவிடும்.

வேகத்தைவிடப் பெரிய சிக்கல் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டுப் பயனருக்கான நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் உங்கள் ஆறாம் தலைமுறையும் இல்லை, கடைக்காரர் காட்டும் அந்த ஏழாம் தலைமுறையும் இல்லை. குறுக்குவழியில் ஏற்றித் தருவார்கள்தான். கடைக் கணக்கு இருக்கும் இயந்திரத்தில் அதை நான் செய்யமாட்டேன். மகளுக்கு மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். டாலிக்கு விண்டோஸ் வேண்டும்.

ஆகவே இப்போது எஸ்எஸ்டி, ரேம் செலவோடு நிறுத்துங்கள். மாற்றும் நாள் வரும்போது ஐ5-8250யூ அல்லது 8350யூ கேளுங்கள். பெயர் ஐ5தான் என்றாலும் நான்கு கோர், எட்டு திரெட். விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். அந்த எஸ்எஸ்டியையும் ரேமையும் அதற்கே மாற்றிக்கொள்ள முடிகிற மாடலாகப் பாருங்கள். வெளியே ஒட்டிய ஸ்டிக்கரை நம்பாமல், கடையிலேயே ஆன் செய்து, செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் திறந்து எண்ணைப் படியுங்கள். கோடுக்குப் பின் முதல் எண் 8 இருக்க வேண்டும்.