மூன்று மணி முழிப்பும் மற்றக் கேள்விகளும்

உணவு ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் எடைக்காக வந்து, கடைசியில் தூக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். இரண்டு நாளைக்கு இங்கே கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். ஒரே நிபந்தனை: தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சேர்த்து எழுதுங்கள். கஷாயம், சூரணம், வேர், பட்டை எல்லாம் இதில் சேர்த்தி.

தூங்காத பூனை: அக்கா, பதினொன்றுக்குப் படுத்தால் மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் ஐந்து வரை புரளல்தான். இரவில் என்ன சாப்பிட்டால் விடாமல் தூங்கலாம்?

சாப்பாட்டில் இதற்கு விடை இல்லை. யாருமே இரவு முழுக்க ஒரே மூச்சில் தூங்குவதில்லை. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாகப் போகும். ஆழ்ந்த தூக்கத்தில் பெரும்பங்கு முதல் பாதியிலேயே முடிந்துவிடும். மூன்று மணி வாக்கில் தூக்கம் மெல்லிசாக இருக்கும், கொஞ்சம் அசைந்தாலே கண் திறந்துவிடும். பலருக்கு அது காலையில் நினைவில்கூட இருக்காது. உங்களுக்கு இருக்கிறதென்றால், முழித்ததும் என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள்.

ஒரு பெண் என்னிடம் தூக்கக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தார். 2.17, 3.05, 4.40 என்று நிமிடச் சுத்தமாக நேரங்கள். “இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும்?” என்றேன். ஒவ்வொரு முறையும் தலையணைக்கு அடியிலிருந்து கைபேசியை எடுத்துப் பார்த்திருக்கிறார். பார்த்தவுடன் மனசு கணக்குப் போடும்: இன்னும் மூன்று மணி நேரம், இன்னும் இரண்டரை. கணக்குப் போடும் மனசு தூங்காது.

கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள், கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். இருபது நிமிடம் போல ஆகிவிட்டது என்று தோன்றினால் (மணி பார்க்காமல், உத்தேசமாக) எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொருகும்போது மட்டும் கட்டிலுக்குத் திரும்புங்கள். எப்படித் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுங்கள், பகலில் ஈடுகட்டாதீர்கள். கட்டில் என்றால் தூக்கம் என்று உடம்புக்கு மறுபடி பழக்குகிற இந்த முறையை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-லேயே எழுதிவிட்டார். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதை உள்ளடக்கிய நடத்தைச் சிகிச்சையைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. முதல் இரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

காபிப் பிரியை: மாலை ஆறு மணிக் காபி தப்பா? எனக்குக் குடித்தவுடனேயே தூக்கம் வரும்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற ரசாயனம் சேர்ந்துகொண்டே போகும், அதுதான் தூக்கச் சுமை. அது போய் உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் முந்திப்போய் உட்கார்ந்துகொள்ளும். சுமை குறைவதில்லை, தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். குடித்த காஃபீனில் பாதி வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம். ஆறு மணிக் காபியில் பாதி பதினொரு மணிக்கும் உங்களோடு படுத்திருக்கும். தூக்கம் வரலாம், ஆனால் ஆழம் குறையும். கர்ப்பிணிகளுக்கு வெளியேற இன்னும் நேரமாகும்.

காபிப் பிரியை: அப்போ பச்சைத் தேநீர்?

அதிலும் காஃபீன் உண்டு.

ஓய்வு பெற்ற வாத்தியார்: வணக்கம் அம்மா. வயது 66. இரண்டு மாதமாக ராத்திரியில் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கிறது, பகலிலும் கால் சோர்வு. வாழைப்பழம் தினம் இரண்டு சாப்பிட்டால் சரியாகுமா?

வணக்கம் ஐயா. பழம் இருக்கட்டும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? அதை எழுதவில்லையே.

நிலா: படுக்கும் முன் வெதுவெதுப்பான பால் உண்மையிலேயே வேலை செய்யுமா?

பாலில் டிரிப்டோபான், அதாவது உடம்பு தூக்க ஹார்மோன் செய்ய எடுத்துக்கொள்ளும் அமினோ அமிலம், இருப்பது உண்மை. ஒரு டம்ளரில் சுமார் 100 மில்லிகிராம் இருக்கும். தூக்கத்துக்காகச் சோதித்தவர்கள் ஒரு கிராமும் அதற்கு மேலும் கொடுத்துப் பார்த்தார்கள். போதாததற்குப் பாலிலுள்ள மற்ற அமினோ அமிலங்களோடு முட்டி மோதித்தான் அது மூளைக்குள் போக வேண்டும். ஆனால் விளக்கை அணைத்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து ஒரு டம்ளர் குடிக்கிற பழக்கம் இருக்கிறதே, அது நல்லது. பிடித்தால் குடியுங்கள்.

பெயர் வேண்டாம்: கணவர் பயங்கரக் குறட்டை. நடுவில் மூச்சு நின்று, திணறி, மறுபடி ஆரம்பிக்கும். இஞ்சியும் தேனும் கலந்து கொடுக்கலாமா?

வேண்டாம். அவரை மருத்துவரிடம் அழைத்துப்போய்த் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் அசருகிறார் என்றால், அதுவரை வண்டி ஓட்ட விடாதீர்கள். அந்த மூச்சுத் திணறலைக் கைபேசியில் ஒரு நிமிடம் பதிவு செய்து எடுத்துப்போனால் பாதி விளக்கம் மிச்சம்.

வரலாற்றுப் பித்தன்: முதல் கேள்விக்கே ஆட்சேபணை. நடு இரவு முழிப்பு கோளாறே இல்லை. மின்விளக்கு வருவதற்கு முன் மனிதர்கள் இரண்டு தவணையாகத்தான் தூங்கினார்கள். எட்டு மணி நேரம் ஒரே மூச்சு என்பது தொழிற்சாலைக் காலத்துக் கண்டுபிடிப்பு.

வந்துவிட்டீர்களா! வரலாற்றாசிரியர் ரோஜர் ஈகிர்க் 2001-இல் எழுதியதைத்தானே சொல்கிறீர்கள்? பழைய நாட்குறிப்புகளிலும் நீதிமன்றப் பதிவுகளிலும் “முதல் தூக்கம்” என்ற சொல்லைத் தேடி எடுத்தவர். அருமையான வேலை. ஆனால் அவருடைய சான்றுகளில் பெரும்பகுதி ஐரோப்பாவைச் சேர்ந்தவை, அங்கே குளிர்கால இரவு மிக நீளம். அதை எப்படி மொத்த மனித இனத்துக்கும் பொதுவாக்குவது?

வரலாற்றுப் பித்தன்: சோதனையே இருக்கிறதே. தூக்க ஆராய்ச்சியாளர் தாமஸ் வேர் ஆட்களைத் தினம் 14 மணி நேரம் இருட்டில் வைத்தார், தூக்கம் தானாக இரண்டாகப் பிரிந்தது.

பிரிந்தது. 14 மணி நேரம் இருட்டில் போட்டால் யாருக்குத்தான் பிரியாது? அவ்வளவு நேரத்துக்குத் தேவையான தூக்கம் நம்மிடம் இல்லை, நடுவில் ஓட்டை விழத்தான் செய்யும். தூக்க ஆராய்ச்சியாளர் ஜெரோம் சீகல் குழு 2015-இல் வெளியிட்டதையும் பாருங்கள். தான்சானியாவின் ஹட்சா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே. மூன்றும் மின்விளக்கு இல்லாமல் வாழ்கிற சமூகங்கள். கையில் கருவி கட்டி அளந்தார்கள். சூரியன் மறைந்து சுமார் மூன்று மணி நேரம் கழித்துத்தான் படுத்தார்கள், பெரும்பாலும் ஒரே தவணை, சராசரி 5.7 முதல் 7.1 மணி நேரம். எட்டு மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும் என்று மிரட்டுபவர்களுக்கும் அது பதில்.

நிலா: அப்போ யார் சொல்வது சரி?

வரலாற்றுப் பித்தன்: சரி, ஒரே ஒரு விஷயம். இரண்டு தவணையாகத் தூங்கியவர்கள் நடுவில் எழுந்து பேசினார்கள், பிரார்த்தனை செய்தார்கள், பயப்படவில்லை.

இதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். பூனைக்கு நான் சொன்னதும் இதுவேதான்: முழிப்பை விட, அதைக் கண்டு பதறுவதுதான் தூக்கத்தைத் தின்கிறது. எழுந்து உட்காரச் சொன்னதும் அதனால்தான். நீங்கள் வரலாறு வழியாக வந்தீர்கள், நான் சிகிச்சை வழியாக வந்தேன். ஆனாலும் ஹட்சா விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன்.

மழைத்துளி: எனக்கு இரண்டு மணிக்கு முழிப்பு வருகிறது, என்ன சாப்பிடலாம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

கதிர்: நாலரை மணிக்கு முழிப்பு. ஏதாவது மூலிகை?

அதே பதில். மணியை மட்டும் மாற்றிப் படியுங்கள்.

புது அம்மா: எட்டு மாதக் குழந்தை இரவில் அழுகிறது. துளி தேன் தொட்டு வைக்கச் சொல்கிறார்கள்.

ஒரு வயது முடியும் வரை ஒரு துளிகூட வேண்டாம். தேனில் பாட்யுலிசம் என்ற நஞ்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கலாம், குழந்தையின் குடலால் அதைச் சமாளிக்க முடியாது. சொல்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி.

கதிர்: ஈரலைச் சுத்தம் செய்ய ஒரு சாறு சொல்லுங்கள்.

ஈரல்தான் சுத்தம் செய்யும் ஆள். அதை யாரும் கழுவ வேண்டாம்.

ஓய்வு பெற்ற வாத்தியார்: மன்னிக்கணும் அம்மா, இப்போதுதான் பார்த்தேன். மாத்திரை பெரிதாக ஒன்றும் இல்லை. பிரஷருக்கு ஒன்று, நீர் பிரிய ஒன்று. அதுவும் இப்போது பிரஷர் கட்டுப்படவில்லை என்று அளவைக் கூட்டியிருக்கிறார்கள். மற்றபடி எல்லாம் இயற்கைதான்.

அந்த “இயற்கை” என்னென்ன ஐயா? ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

ஓய்வு பெற்ற வாத்தியார்: தொண்டைக்கு அதிமதுரக் கஷாயம் மட்டும். காலையும் மாலையும், ஆறு மாதமாக.

ஐயா, அதை இன்றே நிறுத்துங்கள். அதிமதுரத்தில் உள்ள கிளிசரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். பிரஷர் ஏறும், சதை இழுக்கும், கால் சோரும். நீர் மாத்திரைகளில் பலவும் பொட்டாசியத்தை வெளியேற்றுபவை. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். வாழைப்பழத்தால் சமாளிக்கிற அளவில் இது இல்லை. மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். நாளைக்கே மருத்துவரைப் பார்த்து ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சு படபடத்தாலோ மயக்கம் வந்தாலோ நாளை வரை காத்திருக்க வேண்டாம், இரவே போங்கள். அவரிடம் “கஷாயம்” என்று பொதுவாகச் சொல்லாமல், அதிமதுரம் என்று பெயர் சொல்லி, ஆறு மாதம், நாளைக்கு இரண்டு வேளை என்று சொல்லுங்கள். எண் என்ன வந்தது என்று இங்கே எழுதுங்கள்.