அமலேக்கியரும் என் அண்ணனும்

அன்புள்ள ஆலோசகருக்கு,

அப்பா உயில் எழுதாமல் இறந்தார். அண்ணன் என் கையெழுத்தைப் போலியாகப் போட்டு, நான் என் பங்கை விட்டுக்கொடுத்ததாக விடுதலைப் பத்திரம் தயாரித்து வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. இரவில் வேதத்தைத் திறந்தால் 1 சாமுவேல் 15தான். இஸ்ரவேலரின் எதிரிகளான அமலேக்கியரைப் பிள்ளைகளோடு சேர்த்து அழிக்கச் சொல்கிறார் கர்த்தர். அதை வாசித்தால் அவர் என் பக்கம் நிற்பதுபோல் ஒரு தெம்பு. அண்ணன் குடும்பம் நாசமாகப் போகவேண்டும் என்று ஜெபிக்கிறேன். போன ஞாயிறு பாஸ்டர் ரோமர் 12ஐ எடுத்து, பழிவாங்குவது கர்த்தருக்கு உரியது என்று பிரசங்கித்தார். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். கர்த்தர் சொன்னால் யுத்தம், நான் நினைத்தாலே பாவமா? அண்ணன் மகளுக்குக் காய்ச்சல் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டேன். அப்புறம் என்னை நினைத்தே பயமாகிவிட்டது.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 15ஆம் அதிகாரத்தை உங்களுக்கு லேசாக்கித் தர என்னால் முடியாது. பால்குடிக்கும் குழந்தைகளும் அதில் சாகிறார்கள். அந்தக் காலப் போர்முறை என்கிறார்கள் சிலர், நியாயத்தீர்ப்பு என்கிறார்கள் சிலர். எனக்கு இரண்டுமே நெருடுகிறது. ஆனால் அந்தக் கட்டளை சவுல் ராஜாவுக்கு, தீர்க்கதரிசி வழியாக, ஒரு ஜனத்தைக் குறித்து வந்தது. சொத்துத் தகராறில் இருக்கும் யாருக்கும் அது வரவில்லை.

அதே புத்தகத்தில் 24ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். தாவீதைக் கொல்லத் தேடிவந்த சவுல், என்கேதிக் குகையில் அவனிடமே தனியாகச் சிக்குகிறான். கர்த்தர் சொன்ன நாள் இதுதான் என்று தாவீதின் ஆட்களே தூண்டுகிறார்கள். உங்களுக்கு இரவில் தெம்பு தருவதும் அவர்கள் பேச்சுதான். தாவீது சால்வைத் தொங்கலை மட்டும் அறுக்கிறான், அதற்கே மனசு அடித்துக்கொள்கிறது. அடுத்த அதிகாரத்தில் அவனே, நாபால் என்ற பணக்காரன் அவமதித்தான் என்று சுமார் 400 பேரோடு வெட்டக் கிளம்புகிறான்! நாபாலின் மனைவி அபிகாயில் அப்பமும் திராட்சரசமும் ஏற்றிக்கொண்டு வந்து வழிமறிக்கிறாள். சொந்தக் கையால் பழிதீர்க்காமல் தடுத்தாயே என்று அவளை வாழ்த்துகிறான். 30ஆம் அதிகாரத்தில் அமலேக்கியரை முறியடிப்பவனும் இதே தாவீதுதான். பாஸ்டர் காட்டிய ரோமர் 12இல் பவுல் எடுத்த வசனமும் உபாகமம் 32இல் உள்ளதே. ஆக, பழைய ஏற்பாட்டுக்குள்ளேயே இந்த இழுபறி இருக்கிறது. நீங்கள் மட்டும் குழம்பவில்லை.

பழிவாங்காதே என்றால் வீட்டை விட்டுக்கொடு என்று அர்த்தமில்லை. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாவிட்டால் கிறிஸ்தவக் குடும்பத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பத்திரத்தின் நகலை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுவதைக் கண்டிக்கும் 1 கொரிந்தியர் 6ஐக் காட்டிச் சபையில் சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

கோபத்தை ஜெபத்தில் மறைக்கவும் வேண்டாம். சங்கீதம் 109இல் எதிரியின் பிள்ளைகள் அனாதைகளாகட்டும் என்றே கேட்கிறார்கள். கேட்டதோடு சரி, கையில் வாளை எடுக்கவில்லை. நீங்களும் மனதில் உள்ளதை அப்படியே, பகலில், சத்தமாகச் சொல்லிவிடுங்கள். படுக்கையில் 1 சாமுவேல் 15 வேண்டாம். காய்ச்சலில் இருந்த அண்ணன் மகளைப் போய்ப் பார்க்க முடிந்தால் பாருங்கள், அவள் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை. இன்னும் சில வாரம் தூக்கம் வராவிட்டால் மனநல மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதற்குத் தனிப் பிரிவு உண்டு.