எம்ஜி5 கம்பெனி காராகக் கிடைத்தவர்களுக்கு: கேள்வி பதில்

சொன்னபடி உட்கார்ந்துவிட்டேன், கேளுங்கள். பிரிட்டனில் கம்பெனி காராகக் கிடைக்கும் விலை குறைந்த மின்சார எஸ்டேட் (பின்பக்கம் நீண்டு டிக்கி பெரிதாக இருக்கும் கார்), அதாவது எம்ஜி5, அதைப் பற்றி மட்டும். 2020 கடைசியில் அது வந்தபோது இங்கே வேறு மின்சார எஸ்டேட்டே கிடையாது. இப்போது புதிதாக விற்பதில்லை, ஆனால் ஒருவர் வேலையை விட்டுப் போனதும் அடுத்தவர் தலையில் கட்டப்படும் கார்கள் ஏராளம், உங்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான் வந்திருக்கும். நான் ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுதுபார்க்க ஊர் ஊராகப் போகிறவன், எங்கள் ஆபீஸ் கார்களின் கணக்கையும் கொஞ்சக் காலம் பார்த்தேன். மெக்கானிக் இல்லை, கணக்காளரும் இல்லை. நான் சொல்லும் எண்கள் எல்லாம் பெரிய பேட்டரிக் காருக்கு: 61 யூனிட், அதில் நமக்குப் பயன்படுவது சுமார் 57.

லூட்டனிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, இந்தக் காருக்கு வரி என்று சம்பளத்தில் மாதம் எவ்வளவு பிடிப்பார்கள்?

காரின் பட்டியல் விலையை முதலில் பாருங்கள், பி11டி என்று எழுதியிருக்கும். பிந்திய மாடல் சுமார் 31,000 பவுண்டு. மின்சாரக் காருக்கு அதில் 2024-25 வரை 2 சதவீதம், 2025-26இல் 3, 2026-27இல் 4, அடுத்த ஆண்டு 5, பிறகு 7, 9 என்று ஏறும். 4 சதவீதம் என்றால் 1,240 பவுண்டு உங்கள் வருமானத்தோடு சேர்ந்ததாகக் கணக்கு. நீங்கள் 20 சதவீத வரிக்காரர் என்றால் ஆண்டுக்கு 248, 40 சதவீதம் என்றால் 496. மாதம் இருபது சொச்சம் அல்லது நாற்பது சொச்சம், அவ்வளவுதான். இதே விலை டீசல் காருக்கு 30 சதவீதத்துக்கு மேல் போடுவார்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கம்பெனி அந்தக் காரைப் பழையதாக, பாதி விலைக்கு வாங்கியிருந்தாலும் வரி, கார் புதிதாக இருந்தபோது இருந்த பட்டியல் விலைக்குத்தான். டாக்ஸ் கோட் (சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று சொல்லும் குறியீடு) மாறி வரும், பயந்துவிடாதீர்கள். சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துக் கார் எடுக்கும் திட்டம் வேறு கதை. அதில் வேலையை விட்டால் என்ன அபராதம், பென்ஷன் பங்கு குறையுமா, பிள்ளைப்பேற்று விடுமுறைச் சம்பளம் குறையுமா என்று கையெழுத்துக்கு முன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை.

ஹாரோ: சுவரில் சார்ஜர் இல்லை. சாதாரண மூன்று முள் பிளக்கில் போட்டால் போதுமா?

போதும், உங்கள் ஓட்டத்தைப் பொறுத்து. அந்த கேபிள் இழுப்பது சுமார் 2.3 கிலோவாட். காலியிலிருந்து நிரம்ப ஒரு நாளைக்கு மேல் ஆகும். ஆனால் யாரும் காலியிலிருந்து நிரப்புவதில்லையே, இரவு பத்து மணி நேரம் போட்டால் 20 யூனிட் ஏறும், அது 70 மைல். நாளைக்கு 40 மைல் போகிறவருக்கு அதுவே தாராளம். 7 கிலோவாட் சார்ஜர் இருந்தால் ஒன்பது மணி நேரத்தில் முழுசும் முடியும். அதைவிட முக்கியம், இரவு நேர மலிவுக் கட்டணத்தை அது தானே பார்த்துப் போட்டுக்கொள்ளும். சாதாரணமாக யூனிட் 25 பென்ஸ் பக்கம், மின்சாரக் காருக்கான இரவுக் கட்டணம் 7, 8 பென்ஸ். மூன்று மடங்கு வித்தியாசம்.

எச்சரிக்கை: எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். அதுவும் உருளையில் சுற்றியபடியே இருக்கும் வயர் வேண்டவே வேண்டாம். மணிக்கணக்கில் 10 ஆம்ப் ஓடும்போது சுற்றின் உள்ளே சூடேறி உருகும். பழைய வீடு என்றால் அந்த சாக்கெட்டையே ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கோவென்ட்ரி: 250 மைல் என்றார்கள், ஜனவரியில் 160 கூட வரவில்லை. பேட்டரி பழுதா?

பழுதில்லை, குளிர். 250 என்பது சோதனைக்கூடத்து எண். கோடையில் ஊருக்குள் யூனிட்டுக்கு 4 மைல் வரும், அப்போது 230. மோட்டர்வேயில் 70இல் போனால் மூன்றரை, 200. மழை, குளிர், எதிர்காற்று, ஹீட்டர் எல்லாம் சேர்ந்தால் 2.7, அதுதான் உங்கள் 155. வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுக்கும் ஹீட் பம்ப் இந்தக் காரில் கிடையாது, தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் மாதிரி நேரே மின்சாரத்தில்தான் சூடாக்கும். அதனால் சின்னச் சின்ன ஓட்டம்தான் மோசம், ஒவ்வொரு தடவையும் ஆறிப்போன காரை முதலிலிருந்து சூடாக்க வேண்டும். பள்ளிக்கு, கடைக்கு, திரும்ப வீட்டுக்கு என்று ஓட்டிவிட்டு, அந்த எண்ணை வைத்து நீண்ட பயணத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

சீட் ஹீட்டரைப் போடுங்கள், அது சொற்பம். கார் பிளக்கில் இருக்கும்போதே உள்ளே சூடாக்கிவிட்டுக் கிளம்புங்கள். 70க்குப் பதில் 63இல் போய்ப் பாருங்கள். டீசலில் வேகத்துக்குக் கொடுத்த விலை தெரியாமல் இருந்தது, இதில் கண்முன்னே தெரியும்.

ஈஸ்ட் ஹாம்: மூன்று முள் பிளக்கில் சார்ஜ் போடலாமா?

மேலே ஹாரோக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

குரோய்டனிலிருந்து ஒரு அக்கா: அம்மாவைப் பின் சீட்டில் வைத்துப் போனால் வாந்தி எடுக்கிறார். டீசல் காரில் இப்படி இல்லை.

அக்கா, இது காரின் குற்றம் பாதி, உங்கள் காலின் பழக்கம் பாதி. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார் தானாக இழுத்துப் பிடிக்கும், அந்தச் சக்தி பேட்டரிக்குத் திரும்பும். அதற்கு மூன்று நிலை உண்டு, நடுவில் கேர்ஸ் என்று ஒரு சுவிட்ச். 3இல் வைத்துக்கொண்டு டீசல் ஓட்டிய பழக்கத்தில் காலைச் சட்டென்று எடுத்தால் பின்னால் இருப்பவரின் தலை முன்னும் பின்னும் ஆடும். அம்மா இருக்கும்போது 1இல் வையுங்கள், டிரைவ் மோடையும் ஈக்கோவில் போடுங்கள், கிளம்பும்போது வரும் அந்தத் திடீர்ப் பாய்ச்சலும் அடங்கும். முடிந்தால் முன் சீட்டில் உட்காரவையுங்கள். காலை எடுப்பதை மெல்ல எடுக்கப் பழகிவிட்டால் பிறகு 3இலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

ஸ்லவ், தன்னை டீசல்காரன் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு அங்கிள்: மிச்சம் மிச்சம் என்கிறீர்கள். மோட்டர்வேயில் யூனிட் 80 பென்ஸ். என் டீசல் கேலனுக்கு 50 மைல். யார் ஏமாளி?

அங்கிள், உங்கள் கணக்கு பாதி சரி. 80 பென்ஸை மூன்றரையால் வகுத்தால் மைலுக்கு 23 பென்ஸ். டீசல் லிட்டர் 1.45 என்று வைத்தால் உங்களுக்கு மைலுக்கு 13. வெளியில் மட்டும் சார்ஜ் போட்டால் நீங்கள்தான் கெட்டிக்காரர். வீட்டில் இரவில் போட்டால் மைலுக்கு இரண்டேகால் பென்ஸ். அதனால்தான் யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, கார் இரவில் எங்கே நிற்கும் என்று.

அதே அங்கிள்: அப்படியானால் பிளாட்டில் இருப்பவனுக்கு இது வேண்டாத வேலை என்று ஒத்துக்கொள்ளுங்கள்.

அவசரப்படாதீர்கள். கம்பெனி காருக்கு வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 15,000 மைல், முழுக்க வெளியே, முழுக்கத் தன் காசில் என்று மோசமான நிலையையே எடுப்போம். மைலுக்கு 10 பென்ஸ் அதிகம், 1,500 பவுண்டு. அதே விலை டீசல் எஸ்டேட்டுக்கு 30 சதவீதம் என்றே வைத்தாலும் 20 சதவீத வரிக்காரருக்கு 1,860, எம்ஜிக்கு 248. வரியில் மிச்சம் 1,600. இரண்டையும் கழித்தால் கையில் 100 பவுண்டு, அதற்கு ஆண்டு முழுக்க சர்வீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து மோசமான காப்பி குடிக்க வேண்டும். ஆக பிளாட்காரருக்கு இது நட்டமில்லை, ஆனால் லாபம் என்றும் நான் சொல்லமாட்டேன். 40 சதவீத வரிக்காரர் என்றால் தாராளமாக எடுக்கலாம்.

இல்ஃபோர்டிலிருந்து ஒரு தம்பி, இடையில்: நான் பிளாட்தான். கம்பெனி மைலுக்கு 8 பென்ஸ் தருகிறது. வெளியில் 75 பென்ஸுக்குப் போடுகிறேன். வேலைக்குப் போக நான் என் காசைப் போடுகிறேனே!

இதுதான் இன்றைக்கு வந்த உருப்படியான கேள்வி. எச்.எம்.ஆர்.சி., அதாவது பிரிட்டன் வரித்துறை, முன்பு மின்சாரக் காருக்கு மைலுக்கு ஒரே வீதம்தான் வைத்திருந்தது. 2025 செப்டம்பரிலிருந்து இரண்டாகப் பிரித்தார்கள். பிரித்தபோது வீட்டில் போட்டால் 8 பென்ஸ், வெளியில் போட்டால் 14. அதன் பிறகு காலாண்டுக்கு ஒருமுறை பார்த்து மாற்றுகிறார்கள். உங்கள் கம்பெனி வீட்டு வீதத்தையே உங்களுக்கும் தருகிறது, கணக்குப் பிரிவில் யாரோ இன்னும் பழைய தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 14 கொடுத்தாலும் உங்களுக்குக் கட்டாது, 75ஐ மூன்றரையால் வகுத்தால் 21. ஆனால் உண்மைச் செலவு அதைவிட அதிகம் என்று ரசீதோடு காட்டினால் கம்பெனி முழுத் தொகையையும் வரியில்லாமல் தரலாம். தரலாம், தர வேண்டும் என்று இல்லை. சார்ஜர் ஆப்பில் ஒவ்வொரு ரசீதையும் சேமியுங்கள், மேனேஜரிடம் பேசியதை ஒரு மின்னஞ்சலாகவும் போட்டுவையுங்கள். இந்த வீதம் வேலைக்காக ஓடும் மைலுக்கு மட்டும், வீட்டிலிருந்து ஆபீஸ் போவது அதில் சேராது.

பக்கத்தில் தெருவிளக்குக் கம்பத்தில் சார்ஜர் இருக்கிறதா என்றும் பாருங்கள், மெதுவாக ஏறும், ஆனால் மோட்டர்வே விலை இல்லை. ஆபீஸில் சார்ஜர் இருந்தால் விடவே விடாதீர்கள். கம்பெனி காருக்கு அங்கே இலவசமாகப் போட்டாலும் தனியாக வரி கிடையாது.

அங்கிள் மறுபடியும்: வீட்டு மின்சாரத்துக்கு வாட் வரி 5 சதவீதம், தெருவில் போட்டால் 20. இது ஏழைக்கு ஒரு நீதியா? 2028இல் மின்சாரக் காருக்கு மைலுக்கு 3 பென்ஸ் வரி வேறு வரப்போகிறது.

வாட் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான், அநியாயம். டிரைவ்வே வைத்திருப்பவனுக்கு மலிவு, இல்லாதவனுக்கு நான்கு மடங்கு வரி. 3 பென்ஸ் 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தது, 2028 ஏப்ரலிலிருந்து. உங்கள் சொந்த ஓட்டத்துக்கு அதை யார் கட்டுவது என்று அடுத்த லீஸ் எடுக்கும்போதே கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். அங்கிள், ஒன்று சொல்லுங்கள், உங்கள் டீசல் கம்பெனி காரா?

அங்கிள்: சொந்தக் கார்.

சரி. அப்போது இவ்வளவு நேரம் நாம் போட்ட கணக்கு எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. சந்தோஷமாக ஓட்டுங்கள்.

மில்டன் கீன்ஸ்: மாதம் எவ்வளவு வரி பிடிப்பார்கள்?

முதல் பதில்.

டூட்டிங்: டிக்கியில் எவ்வளவு கொள்ளும்? இரண்டு குழந்தைகள், வீல்சேர் ஒன்று.

479 லிட்டர் என்கிறார்கள், பழைய மாடலில் 464. வீல்சேரை மடித்தால் படுத்துக்கொள்ளும், அதன் மேல் பைகள் வைக்கலாம். விளிம்பு கொஞ்சம் உயரம், தூக்கித்தான் வைக்க வேண்டும், முதுகுவலிக்காரர்கள் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பின் சீட்டை மடித்தால் தரை முழுச் சமமாக வராது. உதிரிச் சக்கரம் கிடையாது, பஞ்சர் மருந்தும் பம்பும்தான். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அது உதவாது, கம்பெனியின் பிரேக்டவுன் எண்ணைப் போனில் வைத்திருங்கள்.

லெஸ்டர்: சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தவா, 100 வரை போடவா?

அன்றாடம் 80 போதும், நீண்ட பயணத்துக்கு முன்னிரவு 100. அவ்வப்போது வீட்டில் மெதுவாக 100 வரை விட்டுவிடுங்கள், செல்கள் சமமாகும். கம்பெனி காருக்கு இதற்கு மேல் கவலைப்பட வேண்டாம்.

சென்னையிலிருந்து: இங்கே இந்தக் கார் எப்போது வரும்? கம்பெனி கார் வரி எப்படி?

இந்த எஸ்டேட் அங்கே விற்பதில்லை. அங்கத்திய வரியை உள்ளூர் ஆடிட்டரிடம் கேளுங்கள், நான் சொன்ன எண் எதுவும் அங்கே செல்லாது.

வெம்பிளி: இது சீனக் கார்தானே?

ஆம். பெயர் பழைய ஆங்கிலப் பெயர், உரிமையாளர் ஷாங்காயின் எஸ்.ஏ.ஐ.சி.

ஹேய்ஸ்: வேல்ஸில் இருக்கும் ஸ்கந்தவேல் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய் வரலாமா? வழியில் நின்றுவிடுமோ என்று மனைவிக்குப் பயம்.

தாராளமாகப் போகலாம். லண்டன் மேற்கிலிருந்து இருநூறு மைலுக்குக் கொஞ்சம் மேல், பெரும்பகுதி எம்4 மோட்டர்வே. வீட்டில் 100 நிரப்பிக் கிளம்புங்கள். கோடை என்றால் செவர்ன் பாலம் தாண்டி நியூபோர்ட், கார்டிஃப் பக்கம் ஒரு நிறுத்தம். 10இலிருந்து 80க்கு சுமார் 40 நிமிடம், பிள்ளைகள் சாப்பிட்டு முடிப்பதற்கும் அதற்கும் சரியாக இருக்கும். குளிர்காலத்தில் முன்னதாக ஒன்று, ஸ்வான்சி பக்கம் ஒன்று என்று இரண்டாக வையுங்கள். கோயிலுக்குப் போய்ச் சேர்வது மட்டும் கணக்கல்ல, அங்கிருந்து கார்மார்த்தன் பக்கம் திரும்பி வரவும் சார்ஜ் மிச்சம் இருக்க வேண்டும். கடைசி மைல்கள் ஒடுங்கிய மலைப்பாதை, ஏற்றத்தில் வேகமாகக் குறையும், இறக்கத்தில் கொஞ்சம் திரும்பி வரும். ஒரே ஒரு சார்ஜரை நம்பிப் போகாதீர்கள், ஆப்பில் பக்கத்தில் இன்னொன்றையும் பார்த்துவையுங்கள். புதிய வேகச் சார்ஜர்களில் வங்கி அட்டையைக் காட்டினாலே போதும். கோயில் சாக்கெட்டில் கேட்காமல் சொருகாதீர்கள், எக்ஸ்டென்ஷன் வயரில் கேட்டும் சொருகாதீர்கள்.

சட்டன்: லண்டன் நடுவில் நுழைய வாங்கும் நெரிசல் கட்டணம் மின்சாரக் காருக்கு இலவசம்தானே?

முடிந்துவிட்டது. 2025 டிசம்பர் 25உடன் அந்தச் சலுகை போனது. 2026 ஜனவரியிலிருந்து நாளுக்கு 18 பவுண்டு, ஆட்டோ பே என்ற தானாகப் பணம் பிடிக்கும் கணக்கில் காரைப் பதிந்திருந்தால் மின்சாரக் காருக்கு 25 சதவீதம் கழித்து 13.50. காரை யார் பதிவது, நீங்களா கம்பெனியா என்று கேளுங்கள். இரண்டு பேரும் பதியாமல் இருந்து அபராதம் வந்தால் அது கடைசியில் உங்கள் சம்பளத்தில் வந்து நிற்கும்.

ரெடிங்: 25 மீட்டர் வயர் உருளை ஒன்று இருக்கிறது, 13 ஆம்ப் என்று எழுதியிருக்கிறது, அதில்...

வேண்டாம்.

வாட்ஃபோர்ட்: அடுத்த மாதம் லீஸ் முடிந்து காரைத் திருப்புகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

இரண்டு சாவி, இரண்டு கேபிள். ஒரு கேபிள் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும், அதை மறந்துவிட்டுக் காசு கட்டியவர்கள் உண்டு. சக்கர ரிம்மில் நடைபாதைக் கல் உரசியிருந்தால் வெளியில் சரிசெய்வதா, அவர்கள் போடும் பில்லைக் கட்டுவதா என்று முன்பே விலை கேட்டுப் பாருங்கள். எடுத்துப்போக வரும் ஆளின் முன்னால் நான்கு பக்கமும், மீட்டரும், டிக்கியில் கேபிளும் தெரியப் படம் எடுங்கள். திரையில் உங்கள் போன், வீட்டு முகவரி எல்லாவற்றையும் அழியுங்கள், உங்கள் ஆப்பிலிருந்தும் காரை நீக்குங்கள்.