போக்குவரத்து திட்டங்கள்ல பிபிபி ஏன் தோத்துப்போகுது? ஹைதராபாத் மெட்ரோவையே எடுத்துக்கலாம்

தனியார்னா வேகமா ஒழுங்கா செய்வாங்களே, அப்புறம் ஏன் மெட்ரோ, டோல் ரோடுன்னு பிபிபில, அதாவது அரசும் தனியாரும் கூட்டா சேர்ந்து செய்யுற முறையில, வர்ற திட்டங்கள் பாதியில கவுந்துடுதுன்னு கேட்டிருக்கீங்க. என்னைக் கேட்டா முக்காவாசி திட்டம் டெண்டர் திறக்கிற அன்னைக்கே தோத்துடுது, அது நமக்குத் தெரிய பத்து வருஷம் ஆகுது, அவ்வளவுதான்.

ஹைதராபாத் மெட்ரோவுக்கு 2008ல நடந்த டெண்டர் ஞாபகம் இருக்கா? மெட்ரோன்னாலே அரசாங்கம் கையில இருந்து கொஞ்சம் போட்டாத்தான் கட்டுப்படி ஆகும், யாரு கம்மியா கேக்குறாங்களோ அவங்களுக்குத்தான் வேலை. ஆனா மேடாஸ்ங்கிற கட்டுமானக் கம்பெனி தலைமையில வந்த குரூப், நீங்க ஒத்த ரூபா தரவேணாம், நாங்களே ஒப்பந்த காலத்துல 30,311 கோடி உங்களுக்குத் தர்றோம்னு எழுதிக் குடுத்துச்சு. அப்போ டெல்லி மெட்ரோ தலைவரா இருந்த ஸ்ரீதரன் உடனே திட்டக் கமிஷனுக்கு லெட்டர் போட்டார், இது ரயில் ஓட்டி வர்ற காசு இல்ல, பின்னாடி நில வியாபாரம் இருக்குங்கிற மாதிரி. அதுக்கு ஆந்திர அரசு யோசிச்சிருக்கணுமா இல்லையா, அவர் மேலயே அவதூறு வழக்கு போடுவோம்னு மிரட்டுச்சு! 2009 ஜனவரியில சத்யம் சாஃப்ட்வேர் கம்பெனியோட கணக்கு மோசடி வெடிச்சுது, மேடாஸும் அதே குடும்பத்து கம்பெனிதான், அந்த வருஷமே ஒப்பந்தம் ரத்து.

அடுத்து 2010ல எல் அண்ட் டி வந்துச்சு. 35 வருஷ ஒப்பந்தம், மானியமா 1,458 கோடி, கூடவே கட்டடம் கட்டி வாடகைக்கு விட நிலம். பஞ்சாகுட்டா ஸ்டேஷன்ல இறங்கினா மேம்பாலப் பாதை வழியா நேரா மாலுக்குள்ளயே போயிடலாம், அந்த வாடகையும் டிக்கெட் காசும் சேர்ந்து கடனை அடைக்கணும்ங்கிறதுதான் கணக்கு. நல்ல கணக்குதான், ஆனா நிலம் கைக்கு வர லேட்டு, நடுவுல மாநிலமே ரெண்டாச்சு, ரூட்டை மாத்துங்கன்னு சண்டை, பழைய சிட்டி பக்கம் லைன் போடவே முடியல, ஒருவழியா 2017 நவம்பர்ல முதல் ரயில் ஓடி 2020 பிப்ரவரியில 69 கிலோமீட்டரும் திறந்தா அடுத்த மாசமே கொரோனா. வட்டி மட்டும் ஒருநாள் கூட லீவு எடுக்கல.

கூட்டத்தைப் பாருங்க, ஆரம்பத்துல பேசினது நாளைக்கு 15 லட்சம் பேர், ஏறுறது 5 லட்சத்தை ஒட்டித்தான். மெட்ரோவுக்கு எவ்வளவு கூட்டம் வரும்னு கன்சல்டன்ட்கிட்ட கேக்குறது மாப்பிள்ளை சம்பளத்தை தரகர்கிட்ட கேக்குற மாதிரி, கல்யாணம் நடக்கணும்னா அவர் கூட்டித்தான் சொல்லுவார். தப்பா சொன்னாருன்னு யாரும் அப்புறம் அவர் சட்டையைப் பிடிக்கிறதும் இல்ல.

இதுக்கு மேல 2023 டிசம்பர்ல தெலங்கானா அரசு பெண்களுக்கு பஸ்ஸை இலவசமாக்குச்சு. அதுல தப்பே இல்ல, நல்ல திட்டம்தான். ஆனா மெட்ரோவுல பார்ட்னரா இருக்கிற அதே அரசு பக்கத்து ரோட்டுல ஃப்ரீயா பஸ் விட்டா டிக்கெட் காசை நம்பி கடன் வாங்கினவன் என்ன பண்ணுவான்? எங்க பயணிகள் கூட்டம் அடிவாங்குதுன்னு கம்பெனி வெளிப்படையாவே சொல்லிச்சு. 2025 செப்டம்பர்ல அரசே மெட்ரோவை எடுத்துக்குதுன்னு முடிவாச்சு, சுமார் 13,000 கோடி கடனோட. அதாவது ரிஸ்க்கை தனியார் தலையில கட்டியாச்சுன்னு நினைச்சோமே, அது போன வழியே திரும்பி வந்துடுச்சு, ஓடுற ரயிலை யாராலயும் மூடி பூட்டு போட முடியாதே.

டெல்லி ஏர்போர்ட் மெட்ரோ லைன்ல பிரச்சனை வேற மாதிரி. பாலமும் சுரங்கமும் அரசோட டெல்லி மெட்ரோ கம்பெனியான டிஎம்ஆர்சி கட்டுச்சு, தண்டவாளம், சிக்னல், ரயில் எல்லாம் ரிலையன்ஸ் இன்ஃப்ரா கம்பெனி பொறுப்பு. 2011ல திறந்தது, பாலத்துல குறைன்னு 2012 ஜூலையில நின்னுபோச்சு, யார் தப்புன்னு ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியில நடுவர் தீர்ப்பு), ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட்னு அலைஞ்சு 2021ல கம்பெனி ஜெயிச்சு, 2024ல சுப்ரீம் கோர்ட்டே அதை ரத்து பண்ணுச்சு. இதுல வேடிக்கை, 2013ல டிஎம்ஆர்சி கையில எடுத்து அப்புறம் கட்டணத்தை வெட்டினதும் கூட்டம் தானா ஏறுச்சு.

கூட்டம் வருமா வராதாங்கிற ரிஸ்க்கை கம்பெனி தலையில கட்டினா திரும்பி நம்மகிட்டயே வரும்ங்கிறதை ரோடு பக்கம் கொஞ்சம் சீக்கிரமே புரிஞ்சுக்கிட்டாங்க. 2016ல இருந்து ஹைவேல வர்ற ஹைப்ரிட் ஆன்யுட்டி முறையில கட்டும்போதே 40 சதவீதம் அரசு குடுத்துடும், மீதி வருஷா வருஷம் தவணையா, டோல் வசூல் கூடினாலும் குறைஞ்சாலும் அது அரசு பாடு, கம்பெனி ரோடு போட்டு ஒழுங்கா பராமரிச்சா போதும்.