கண்ணில் படாத சேதத்தைக் காட்டும் படைப்புகள்

சுற்றுச்சூழலைப் பேசும் திரைப்படங்களும் காட்சிக் கலைகளும் உண்மையிலேயே விழிப்புணர்வை உண்டாக்குகின்றனவா, அல்லது ஏற்கெனவே அக்கறை உள்ளவர்களே அவற்றைப் பார்த்துத் தலையாட்டிக்கொள்கிறார்களா என்றும், பார்க்கத் தகுந்தவை எவை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் நடக்கின்றன என்பதே என் பதில். ஆனால் ஒரு படைப்பைத் தரம் பார்க்க எனக்கென்று ஓர் அளவுகோல் உண்டு. சூழல் சீரழிவின் பெரும்பகுதி மிக மெதுவாகவோ, எங்கோ தொலைவிலோ, ஏதேனும் ஒன்றின் உள்ளேயோ நிகழ்வதால் நம் கண்ணில் படுவதே இல்லை. அதைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும் படைப்பு மனத்தில் தங்குகிறது. பூமியைக் காப்போம் என்று உபதேசம் செய்யும் படைப்பு அரங்கின் வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துபோகிறது.

மெதுவாக நடப்பதைக் காட்டியதற்கு 'சேசிங் ஐஸ்' (2012) ஆவணப்படத்தைச் சொல்வேன். ஜேம்ஸ் பேலாக் என்னும் ஒளிப்படக் கலைஞர் 2007இல் தொடங்கி கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்கா முதலிய இடங்களில் பனியாறுகளுக்கு எதிரே பாறைகளில் கேமராக்களைப் பொருத்தி, ஆண்டுக்கணக்கில் அவற்றைத் தாமாகவே படம் எடுக்கவைத்தார். அந்தப் படங்களை வரிசையாக ஓட்டினால் பனியாறு பின்வாங்குவது சில நொடிகளில் தெரிந்துவிடுகிறது. 2008 மே 28 அன்று கிரீன்லாந்தின் இலுலிசாட் பனியாற்றின் முகப்பு 75 நிமிடங்கள் தொடர்ந்து உடைந்து கடலில் சரிந்ததையும் அந்தக் குழு பதிவுசெய்தது. ஆனால் என்னைக் கவர்ந்தது அந்தப் பிரம்மாண்டமான காட்சி அல்ல. பல மாதங்கள் கழித்துத் திரும்பிவந்து பார்க்கும் பேலாக், கருவி பழுதாகி ஒரு படமும் பதிவாகவில்லை என்று அறிந்து அங்கேயே உடைந்து அழுகிறார். ஒரு சேதத்தைக் கண்ணால் காணும்படி செய்வதற்கே இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பது அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

நம் நாட்டுப் படங்களில் என் முதல் தேர்வு ஷௌனக் சென் இயக்கிய 'ஆல் தட் பிரீத்ஸ்' (2022). தில்லியின் வசீராபாத் பகுதியில் நதீம், சவூத் என்னும் சகோதரர்கள், காயம்பட்டு வானத்திலிருந்து விழும் கரும்பருந்துகளை ஒரு கட்டடத்தின் நிலவறையில் வைத்துப் பராமரிக்கிறார்கள். பிழைப்புக்கு அவர்கள் திரவ சோப்புப் பெட்டிகளைத் தயாரிக்கும் அதே இடத்தில்தான் பறவைகளுக்கான சிகிச்சையும் நடக்கிறது. பருந்து இறைச்சி தின்னும் பறவை என்ற காரணத்தால் பறவைகளுக்கான மருத்துவமனை ஒன்று அதைச் சேர்த்துக்கொள்ள மறுத்ததே இவர்களுடைய பணிக்குத் தொடக்கம். பல பறவைகளின் சிறகை அறுப்பது, சென்னைக்காரர்களுக்கும் நன்கு தெரிந்த மாஞ்சா நூல். தில்லியின் காற்று மாசு குறித்த செய்திகளில் தரக் குறியீட்டு எண்களைப் பார்த்துப் பார்த்து நமக்கு மரத்துப்போய்விட்டது. இந்தப் படமோ, அந்தக் காற்றைச் சுவாசிக்கும் ஒரு பறவையைக் கையில் ஏந்தி, அதன் கண்ணை மிக அருகில் காட்டுகிறது. எந்த நிபுணரும் வந்து நாற்காலியில் அமர்ந்து விளக்கம் சொல்வதில்லை. குப்பை மேட்டில் இரவில் திரியும் எலிகளைத் தரையோடு தரையாக நகரும் கேமரா நெடுநேரம் பின்தொடர்கிறது. அந்தப் பொறுமைதான் படத்தின் பலம். உதவியாளராக வரும் இளைஞரின் மூக்குக்கண்ணாடியை ஒரு பருந்து பாய்ந்து கவ்விக்கொண்டு போகும்போது அரங்கமே சிரிக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் கிடக்கும் ஒரு பறவைக்காக இவர்கள் குளிர்ந்த நீரில் நீந்திப் போகும் காட்சியிலோ யாருக்கும் சிரிப்பு வராது. சன்டான்ஸ், கான் ஆகிய இரு திரைப்பட விழாக்களிலும் விருது பெற்ற படம் இது. விருது பெறாமல் போயிருந்தாலும் என் கருத்து மாறியிருக்காது.

காட்சிக் கலை என்று வந்தால், ஜெர்மானியக் கலைஞர் யோசப் பாய்ஸ் 1982இல் காசல் நகரில் தொடங்கிய 'ஏழாயிரம் ஓக் மரங்கள்' என்னும் படைப்பை மிஞ்ச இன்னும் ஒன்று வரவில்லை என்றே நினைக்கிறேன். டாக்குமெண்டா கலைக் கண்காட்சிக்காக அவர் ஓவியம் எதையும் தீட்டவில்லை. ஏறத்தாழ ஆளின் இடுப்பளவு உயரமுள்ள 7,000 கருங்கல் தூண்களைக் கொண்டுவந்து அருங்காட்சியகத்தின் முன்னே குவித்தார். நகரில் எங்கேனும் ஒரு மரம் நடப்பட்டால்தான் அந்தக் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து அதன் அருகில் ஊன்றலாம் என்பது விதி. செய்யாமல் மிச்சம் வைத்த வேலை எவ்வளவு என்பதை ஊரின் நடுவே கிடந்த அந்தக் குவியல், கடன்காரன் திண்ணையில் வந்து உட்கார்ந்ததுபோல, நாள்தோறும் காட்டிக்கொண்டிருந்தது. நகரின் அழகு கெடுகிறது என்றும், வண்டி நிறுத்த இடமில்லை என்றும் மக்கள் முணுமுணுத்தார்கள். கற்களைக் குறைக்க மரம் நடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு மரத்துக்கும் கல்லுக்குமாக 500 மார்க் (அன்றைய ஜெர்மானிய நாணயம்) நன்கொடை பெறப்பட்டது. பணம் போதாதபோது ஜப்பானிய விஸ்கி விளம்பரம் ஒன்றில்கூட பாய்ஸ் தோன்றினார். (சூழலுக்காக மது விளம்பரமா என்று கேட்கலாம், மரங்கள் நடப்பட்டன என்பதோடு நான் அந்த விவாதத்தை விட்டுவிடுகிறேன்.) 1986இல் அவர் இறந்தார். மறுஆண்டு, அடுத்த டாக்குமெண்டா தொடங்கியபோது, கடைசி மரத்தை அவருடைய மகன் நட்டார். நட்ட புதிதில் கல்லே பெரிதாகத் தெரிந்தது. கல் வளர்வதில்லை, மரம் வளர்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல இரண்டுக்கும் இடையிலான அளவு மாறிக்கொண்டே வருவதும் அந்தப் படைப்பின் ஒரு பகுதி.

இதற்கு நேர்மாறானது கலைஞர் ஓலாஃபர் எலியாசன், நிலவியலாளர் மினிக் ரோசிங்குடன் சேர்ந்து செய்த 'ஐஸ் வாட்ச்'. கிரீன்லாந்துக் கடலில் மிதந்த பனிக்கட்டிகளைப் பாரிஸ் காலநிலை மாநாடு நடந்த 2015 டிசம்பரில் அந்நகரின் சதுக்கம் ஒன்றில் கடிகார எண்களைப்போல 12 இடங்களில் வைத்து உருகவிட்டார்கள். தொலைவில் இருப்பதைக் கைதொடும் தூரத்துக்குக் கொண்டுவந்தது பெரிய காரியம்தான். ஆனால் அதற்காக வெளியான கரியமில வாயு ஏறக்குறைய 30 டன் என்று அவர்களே கணக்கிட்டு வெளியிட்டார்கள். கணக்கை மறைக்காத நேர்மைக்கு மதிப்பெண் கொடுக்கலாம். திட்டத்துக்கு என்னால் முழு மதிப்பெண் கொடுக்க முடியவில்லை.

நம் ஊர்ப் படமான 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' பற்றியும் பலர் கேட்பார்கள். முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் ரகு என்னும் யானைக்கன்றை வளர்க்கும் கதை அது. 2023இல் ஆஸ்கர் பெற்றது. காட்டுநாயக்கர் சமூகத்தாரின் அன்றாடத்தை அவ்வளவு கனிவாகக் காட்டிய படம் வேறில்லை. எனினும் கன்றின் தாய் மின்சாரம் தாக்கி இறந்தது என்னும் செய்தி ஓரிரு வாக்கியங்களில் கடந்துபோய்விடுகிறது. யானைகளுக்கு மின்சாரத்தால் நேரும் அந்த ஆபத்துதான் காட்டியிருக்க வேண்டிய பொருள். படம் புகழ்பெற்றபின் ரகுவைப் பார்க்க முகாமுக்குக் கூட்டம் திரண்டதே தவிர, அந்த ஆபத்தைப் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்றால், அல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவையைப் பற்றி ஒளிப்படக் கலைஞர் கிறிஸ் ஜோர்டன் எடுத்த 'அல்பட்ராஸ்' படத்தைச் சொல்வேன். 2018இல் அவர் அதை இணையத்தில் இலவசமாகவே வெளியிட்டார். பசிபிக் கடலின் நடுவே மிட்வே தீவில், தாய்ப்பறவைகள் உணவென்று நினைத்து ஊட்டிய பாட்டில் மூடிகளும் சிகரெட் லைட்டர்களும் செத்த குஞ்சுகளின் விலாவெலும்புகளுக்கு இடையே அப்படியே கிடக்கின்றன. இந்தக் காட்சிகளை முதலில் ஒளிப்படங்களாக வெளியிட்டபோதே, எந்தத் துண்டையும் தாம் இடம் மாற்றி வைக்கவில்லை என்பதை ஜோர்டன் தெளிவுபடுத்தியிருக்கிறார். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், அவர்களோடு உட்காருமுன் நீங்கள் ஒருமுறை தனியாகப் பார்த்துவிடுங்கள்.