புளியங்கொட்டையும் பாசிமணியும்: பைனரியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். பள்ளியில் பைனரி (0, 1 இரண்டை மட்டும் வைத்து எண் எழுதும் முறை) மணிமாலையில் பெயரைக் கோர்த்துவரச் சொன்னார்கள். ஆங்கில எழுத்துகளுக்கான 0, 1 அட்டவணையைப் பார்த்து 0-வுக்கு வெள்ளை, 1-க்குக் கறுப்பு என்று அழகாகக் கோர்த்துவிட்டான். "இதில் என்ன எண் இருக்கிறது?" என்று கேட்டால் முழிக்கிறான். எனக்கும் விளக்கத் தெரியவில்லை. வீட்டிலேயே புரியவைக்க வழி உண்டா? (ஒரு தாய், கோவை)

பதில்: அவன் முழிப்பதில் தப்பே இல்லை. அட்டவணையைப் பார்த்துக் கோர்க்கும்போது கைக்குத்தான் வேலை, தலைக்கு இல்லை. மாலை கடைசியில் வர வேண்டிய விஷயம். அதற்கு முன் ஒரு நாள், 0, 1 என்ற பேச்சையே எடுக்காமல் விளையாடுங்கள்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரே அளவாக ஐந்து துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். 31 புளியங்கொட்டை வேண்டும். முதல் அட்டையில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று பிள்ளையே ஃபெவிகால் வைத்து ஒட்டட்டும். நான்காவதில் எத்தனை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலும் "ஆறு" என்று ஒரு பதில் வரும். மூன்று அட்டையையும் திரும்ப எண்ணச் சொன்னால் போதும், எட்டும் பதினாறும் தானாக வந்துவிடும். ஒரு ராத்திரி காயட்டும். ஈரத்தோடு தூக்கினால் கொட்டையெல்லாம் தரையில்தான்.

இந்த அட்டை விளையாட்டு என் கண்டுபிடிப்பு இல்லை. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல்லும் அவருடைய கூட்டாளிகளும் கணினியே இல்லாமல் கணினி அறிவியல் சொல்லித்தர உருவாக்கிய 'சிஎஸ் அன்பிளக்ட்' தொகுப்பில் இருப்பது. அங்கே புள்ளிகள், நம் வீட்டில் புளியங்கொட்டை.

மறுநாள் 16 இடது ஓரத்திலும் 1 வலது ஓரத்திலும் வரும்படி அட்டைகளை வரிசையாக வையுங்கள். நீங்கள் பிள்ளைக்கு எதிரில் உட்காரக் கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டும். எதிரில் இருந்தால் உங்கள் இடது அவனுக்கு வலது. பாதிக் குழப்பம் அதில்தான் வரும். இப்போது விதி ஒன்றே ஒன்று: அட்டை ஒன்று திறந்திருக்கும், இல்லையென்றால் கவிழ்ந்திருக்கும். ஒன்பது கொட்டை மட்டும் தெரிய வேண்டும் என்று சொல்லுங்கள். பெரிய அட்டையிலிருந்து கேட்டுக்கொண்டே வரவேண்டும். 16 வேண்டுமா? அதிகம், கவிழ்த்துவிடு. 8? வேண்டும். இன்னும் ஒன்றுதானே பாக்கி, அப்படியானால் 4-உம் 2-உம் வேண்டாம். 1 வேண்டும்.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு எண் செய்தபின் ஒரு கேள்வி: "பதினொன்றை வேறு விதமாகக் காட்ட முடியுமா?" கொஞ்ச நேரம் புரட்டிப் பார்ப்பான், முடியாது. ஏன் என்று கேளுங்கள். 1, 2, 4, 8 எல்லாவற்றையும் திறந்தாலும் 15தான் வரும்; 16-ஐவிட ஒன்று குறைவு. எந்த அட்டையை எடுத்தாலும் அதற்குச் சின்ன அட்டைகளெல்லாம் சேர்ந்தாலும் அதை எட்டாது. அதனால்தான் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே ஒரு வழி. என்னைக் கேட்டால் மாலையைவிட இந்த இடம்தான் முக்கியம், இங்கே அவசரப்படாதீர்கள்.

வீட்டில் பாட்டி இருந்தால் இன்னும் வசதி. அரிசி அளக்கும் பழைய அளவையில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆழாக்குக் கணக்கில் பார்த்தால் 1, 2, 4, 8! ஒவ்வோர் அளவையையும் ஒரு தடவைக்கு மேல் தொடாமல் 15 ஆழாக்கு வரை எதையும் அளந்துவிடலாம். 13 ஆழாக்கு அரிசி வேண்டுமா? படி உண்டு, உரி உண்டு, உழக்கு இல்லை, ஆழாக்கு உண்டு. இந்த 'உண்டு'க்கு 1, 'இல்லை'க்கு 0 என்று எழுதினால் 1101. அவ்வளவுதான் இரும எண். 0, 1 இந்த இடத்தில் அறிமுகமானால் போதும்.

சரி, இனி மாலைக்கு வருவோம். ஆங்கில எழுத்து அட்டவணையை ஒதுக்கிவிட்டு அவன் பெயரைத் தமிழிலேயே கோர்க்கலாம். மெய் 18, அதற்கு ஐந்து மணி (31 வரை வரும்). உயிர் 12, அதற்கு நான்கு மணி (15 வரை வரும்). ஆக எழுத்துக்கு ஒன்பது மணி. மெய் இல்லாத உயிரெழுத்துக்கு மெய்யின் இடத்தில் சுழி (00000). புள்ளி வைத்த மெய்க்கு உயிரின் இடத்தில் சுழி (0000). 'மலர்' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ம் பத்தாவது மெய், அ முதல் உயிர்: 01010 0001. ல: 01101 0001. ர்: 01100 0000. மொத்தம் 27 மணி. (247 எழுத்துக்கும் வரிசையாக எண் கொடுத்தால் எட்டு மணியே போதும், 256 விதம் கிடைக்கும். ஆனால் அப்போது மறுபடி அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்; ஒன்பது மணி முறையில் க, ங, ச வரிசை தெரிந்தால் போதும்.) கணினிக்குள் இருக்கும் எண் வேறு என்பதையும் சொல்லிவையுங்கள். யூனிகோடில் (எழுத்துகளுக்குக் கணினிகள் பொதுவாக வைத்திருக்கும் எண் பட்டியல்) 'அ'வுக்கு 2949, அதாவது 101110000101. அது பிறகு வரட்டும்.

ஃபேன்சி ஸ்டோரில் பெரிய துளையுள்ள பாசிமணியும் எலாஸ்டிக் நூலும் வாங்குங்கள். சிவப்பு-பச்சை ஜோடி வேண்டாம், சில பிள்ளைகளுக்கு அந்த இரண்டு நிறமும் ஒன்றுபோலத் தெரியும். கறுப்பு-வெள்ளையே நல்லது. தவழும் குழந்தை இருக்கும் வீடானால் மணியைத் தரையில் கொட்டிவைத்துக் கோர்க்க வேண்டாம்.

கோர்க்கும்போது இரண்டு தப்பு வரும். முதலாவது, முன்னால் நிற்கும் வெள்ளை மணியை விட்டுவிடுவது. "ஒன்றுமே இல்லாததற்கு எதுக்கு மணி?" என்று கேட்பான். நல்ல கேள்வி. 105-இல் நடுவில் இருக்கும் சுழியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேளுங்கள். மாலையில் இதைவிட மோசம். ஒரு மணி விட்டுப்போனால் பின்னால் வரும் எழுத்தெல்லாம் ஓரிடம் நகர்ந்துவிடும். இரண்டாவது, ஆரம்பம் தெரியாமல் போவது. வட்டமாகக் கட்டியபின் எது முதல் மணி? அதற்கு மூன்றாவது நிறத்தில் ஒரு பெரிய மணி கோர்த்து, எந்தப் பக்கமாகப் படிக்க வேண்டும் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே சொன்ன 'மலர்' மாலையைத் தலைகீழாகப் படித்தால் 'ஊறூளொ' என்று வரும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், தங்கள் பெயரைத் தலைகீழாக்கிப் பார்க்காமல் விடமாட்டார்கள்.

முடித்ததும் மாலையை அவனே படித்துக்காட்ட வேண்டாம். பெயரைச் சொல்லாமல் வேறொரு பிள்ளையின் மாலையை, அல்லது நீங்களே கோர்த்த ஒன்றை அவன் கையில் கொடுங்கள். பக்கத்தில் புளியங்கொட்டை அட்டைகள் இருக்கட்டும். வேண்டுமென்றே ஒரு மணியை மாற்றியும் வையுங்கள். 01010 என்பது 01011 ஆகிவிட்டால் 'மலர்' 'யலர்' ஆகிவிடும். எந்த மணி என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டானா, அவனுக்குப் பைனரி வந்துவிட்டது.